தோளில் ஏற்றுமுன்

(லண்டன் விம்பிள்டனில் நடந்த தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு என்ன தலைப்பு என்று அமைப்பாளர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். "பழைய ராணுவத் துப்பாக்கியை முதன்முறை சுடுவது எப்படி" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சு மூச்சில்லை. பிறகு, "போன மாதம் சுந்தர காண்டம் வைத்திருந்தோம் ஐயா" என்றார்கள். அனுமன் போன வேலையும் கடைசியில் தீயில்தானே முடிந்தது என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். துவக்குச் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்றுதான் கடல் கடந்தீர்கள். இந்தப் பேச்சு வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக எழுந்து பின்னறையில் தேநீர் குடிக்கலாம். நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன். போரைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. வேலைபார்த்த காலமெல்லாம் கொதிகலன்களையும் அழுத்தக் கலன்களையும் சோதித்துச் சான்று கொடுத்தவன் நான். துப்பாக்கியும் என் கண்ணுக்கு ஒரு அழுத்தக் கலன்தான். ஒரு வித்தியாசம்: கொதிகலனை யாரும் கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொள்வதில்லை.

இந்தப் பேச்சுக்கு விம்பிள்டனை விடப் பொருத்தமான இடம் கிடையாது. எஃப்ரா ரோடு பிள்ளையார் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர் அப்படியே மேடேறி விம்பிள்டன் காமனுக்கும் போய், அங்கிருக்கும் பழைய காற்றாலையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நேஷனல் ரைபிள் அசோசியேஷனின் முதல் போட்டி 1860 ஜூலை 2ஆம் தேதி தொடங்கியது அந்தக் காமனில்தான். தொடக்கி வைக்க வந்தவர் விக்டோரியா மகாராணி. அப்போது வயது 41. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் தன்னுடைய ரைபிள் ஒன்றை இரும்புத் தாங்கியில் அசையாமல் பூட்டி, 400 கஜத்தில் நின்ற இலக்குக்கு முன்கூட்டியே குறியைச் சரிசெய்து வைத்திருந்தார். திருகு மரைக்கு நாடு முழுதும் ஒரே அளவு வகுத்தாரே, அதே விட்வொர்த்தான். விசையில் ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தது. மகாராணி கயிற்றை இழுத்தார். இலக்கின் நட்டநடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிக் குண்டு பட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

இதைச் சொன்னால் பலரும் சிரிப்பார்கள். குறி பார்த்தது விட்வொர்த், பெயர் மகாராணிக்கா என்பார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. அறியாத ஒரு துப்பாக்கியின் முதல் குண்டை எப்படிச் சுடவேண்டுமோ அப்படித்தான் அன்று சுட்டார்கள். துப்பாக்கியைப் பூட்டிவைத்தார்கள், அறிந்தவர் ஒருவர் முன்னமே முழுக்கச் சோதித்தார், சுடுகிறவரின் முகம் அதன் பக்கத்திலேயே இல்லை. அரசிக்குக் காட்டிய அந்த அக்கறையை நமக்கு நாம் காட்டிக்கொள்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

நான் உதாரணமாக எடுத்துக்கொள்ளும் துப்பாக்கியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் சங்கிலி கோத்து நிற்கும். பழைய படங்களில் கான்ஸ்டபிள் தோளில் தொங்கும். த்ரீ நாட் த்ரீ. முறையான பெயர் லீ என்ஃபீல்டு. லீ என்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ, அதன் போல்ட்டையும், அதாவது தோட்டாவைத் தள்ளிப் பின்வாயை மூடும் தண்டையும், தோட்டாக்கள் அடுக்கும் மேகசினையும் வடிவமைத்தவர். என்ஃபீல்டு என்பது வட லண்டனில் லீ ஆற்றங்கரையில் இருக்கும் என்ஃபீல்டு லாக். 1816இல் அங்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்க மறுத்துச் சிப்பாய்கள் எழுந்தார்களே, அந்தத் தோட்டாவுக்கு உரிய ரைபிளும் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியதுதான். லீ என்ஃபீல்டு 1895இல் வந்தது. முதல் உலகப் போரில் ஓடிய மார்க் 3 வடிவம் 1907இல் வந்தது. ஏறத்தாழ 4 கிலோ எடை, மேகசினில் 10 தோட்டா. தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் வீடுகள். எட்மன்டன் நாகபூசணி அம்மன் கோயில் தேருக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும்.

அந்த ஆற்றிலேயே கொஞ்சம் மேலே போனால் வால்தம் ஆபி, அரசு வெடிமருந்து ஆலை இருந்த ஊர். கார்டைட் என்ற புகையற்ற மருந்து அங்கே தயாரானது. அதே கார்டைட்டைச் செய்வதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நீலகிரியில், குன்னூர் மலைரயில் பாதையோரம், அரவங்காட்டில் ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். இன்றும் இருக்கிறது. ரைபிளை வங்காளத்தின் இஷாப்பூரிலும் செய்தார்கள். ஆகவே லண்டன் ஏலத்தில் ஒரு த்ரீ நாட் த்ரீ வந்தால், அது என்ஃபீல்டில் பிறந்ததா, இஷாப்பூரில் பிறந்ததா, எந்தப் போலீஸ் லைனில் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வாங்கியது என்பதெல்லாம் அதன் ஜாதகத்தில் அடக்கம். பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழல் வாய்க்குள் குங்குமம் போகாமல் இருந்தால் சரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய துப்பாக்கி என்றதும் எல்லோரும் வயதைக் கண்டு பயப்படுகிறார்கள். நூறு வருஷத்து இரும்பு தாங்குமா என்கிறார்கள். நல்ல எஃகு, துருப்பிடிக்காமல் இருந்தால், நூறு வருஷத்தில் கிழமாகிவிடாது. ஆபத்து வயதில் இல்லை, கைமாறியதில் இருக்கிறது. படைமுகாம், பழுதுபார்க்கும் பட்டறை, பயிற்சிப் பள்ளி, கிடங்கு, உபரி வியாபாரி, பரண் என்று ஒவ்வொரு கையிலும் அதற்கு ஏதோ நடந்திருக்கிறது. நடந்தது எல்லாம் எழுத்தில் இல்லை. இரும்பில் இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவருக்கு.

முதலில் வாசிக்கவேண்டியது எண்கள். ரைபிளின் உடலில் ஒரு வரிசை எண் அடித்திருப்பார்கள். போல்ட்டின் கைப்பிடியிலும் அதே எண் இருக்கவேண்டும். ஏனென்றால் தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய உடலோடு அராவிப் பொருத்தினார்கள். இரண்டு எண்ணும் வேறு வேறாக இருந்தால் யாரோ எங்கோ போல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். பல நாடுகளில் பாதுகாப்புக்காகப் போல்ட்டைத் தனியே கழற்றிப் பூட்டிவைக்கும் வழக்கம் உண்டு. திரும்ப மாட்டும்போது கைக்கு எட்டியதை மாட்டுவார்கள். பார்வைக்கு அழகாகப் பொருந்தும். அங்கேதான் சிக்கல்.

அந்தச் சிக்கலைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கிறது. குழலின் பின்வாயில் தோட்டாவைச் செருகினால் அந்த விளிம்பு வாயில் தட்டி நிற்கும். பின்னாலிருந்து போல்ட்டின் தலை வந்து மூடும். போல்ட் தலைக்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவே அந்த விளிம்பு உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. குறைந்தது 0.064 அங்குலம், 0.074ஐத் தாண்டினால் ராணுவமே அதைத் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது கால் மில்லிமீட்டர். இடம் கூடிப்போனால் சுடும்போது பித்தளைக் கூடு பின்பக்கமாக இழுபட்டு, அடிப்பாகம் தனியே அறுந்துவிடும். சதுர அங்குலத்துக்குப் பதினெட்டு டன் அளவில் அடைபட்டிருக்கும் வாயு வெளியே வர வழி தேடும். அந்த வழிக்கு நேராகத்தான் சுடுகிறவரின் கண் இருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தோ, போல்ட்டை நாலு முறை இழுத்து மூடி "கச்சிதமா இருக்கே" என்று சொல்லியோ தெரிந்துகொள்ள முடியாது. அதற்கென்று அளவுக்கட்டைகள் உண்டு, எஃகில் கடைந்தவை. சிறிய கட்டையின்மேல் போல்ட் மூடவேண்டும், பெரிய கட்டையின்மேல் மூடக்கூடாது. ஐந்து நிமிட வேலை. இரண்டாம் உலகப் போரின் நம்பர் 4 மாதிரியில் இதைச் சரிசெய்ய வசதியாகப் போல்ட் தலைகளையே 0, 1, 2, 3 என்று நாலு நீளத்தில் செய்துவைத்தார்கள்.

அடுத்தது எழுத்துகள். பின்வாய்ப் பகுதியில் ஆங்கில டி, பி என்று இரண்டு எழுத்தும் அடித்திருந்தால், அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது என்று பொருள். பையன்கள் தோளில் சாய்த்து நடைபழகுவதற்காக தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியின் முனையை வெட்டியிருக்கலாம், குழலில் துளை போட்டிருக்கலாம், போடாமலும் விட்டிருக்கலாம். பிற்பாடு யாராவது புது ஊசி மாட்டி, எழுத்தை அராவி, சாயம் பூசி விற்றிருப்பார். அது சுடுவதற்கு உரியதல்ல என்று ராணுவம் தீர்மானித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் சாயத்துக்குக் கீழே அப்படியே இருக்கிறது. இந்தியாவில் போலீசுக்காகவும் சிறைக்காவலுக்காகவும் இதே ரைபிளை சுருள்வரி இல்லாத குழல் வைத்து, ஒரே தோட்டா போடும் .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். வெளித்தோற்றம் அச்சு அசல் த்ரீ நாட் த்ரீ. கையில் இருப்பது எது என்று முதலில் தெரியவேண்டும்.

பிறகு மரம். துரு எப்போதும் மரத்துக்கு அடியில்தான் குடியிருக்கும், குழலின் கீழ்ப்பாதியில், வெளியே தெரியாத இடத்தில். மேலே எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்திருப்பார்கள். முன்கட்டையைக் கழற்றினால் உள்ளே புழு அரித்தமாதிரி குழிகள். கழற்றுவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மார்க் 3இல் முதலில் முன்கட்டையை எடுக்கவேண்டும், அப்புறம்தான் அடிக்கட்டையின் நீளத் திருகாணியில் கைவைக்கவேண்டும். அந்தத் திருகாணியின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத் தகட்டில் சிக்கியிருக்கும். தெரியாமல் திருகினால் நூறு வருஷத்து மரம் படக்கென்று பிளக்கும்.

கடைசியில் குழல். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். சுருள்வரிகள் தேய்ந்திருந்தால் குறி தப்பும், அவ்வளவுதான், உயிருக்கு மோசமில்லை. ஆனால் குழலுக்குள் எங்காவது ஒரு கரிய வளையம் நிழல்போல் தெரிந்தால் ரைபிளைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் எப்போதோ ஏதோ அடைத்திருக்கிறது, அதன்மேல் யாரோ சுட்டிருக்கிறார்கள், குழல் உள்ளேயே வீங்கியிருக்கிறது. வெளியே விரலால் தடவினால்கூடத் தெரியாமல் போகலாம்.

இதையெல்லாம் நாமே பார்த்துத் திருப்திப்பட்டால் போதுமா? போதாது என்று லண்டன் 1637லேயே முடிவுகட்டியது. அந்த ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னர் லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். மட்டமான குழல்கள் வெடித்து ஆட்கள் சாவதைத் தடுக்கும் பொறுப்பு சங்கத்தின் தலையில் விழுந்தது. ஒயிட்சாப்பல் பக்கம், இப்போதைய கமர்ஷியல் ரோட்டில், 1675 முதல் அவர்களுடைய பரிசோதனைச் சாலை இயங்கிவந்திருக்கிறது. சேலை வாங்கவும் பிரியாணி சாப்பிடவும் அந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருப்பீர்கள். அந்தப் பரிசோதனைச் சாலையின் வேலை எளிமையானது. துப்பாக்கிக்கு உரியதைவிட வேண்டுமென்றே அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள், யாருடைய தோளும் படாமல். வெடித்தால் அங்கேயே வெடிக்கட்டும். வெடிக்காவிட்டால் வீக்கமும் வெடிப்பும் உண்டா என்று பார்த்து, கிரீடத்தோடு முத்திரை அடிப்பார்கள்.

1868ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த முத்திரை இல்லாத துப்பாக்கியை இந்த நாட்டில் விற்பது குற்றம். அரசுப் படைக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் படையை விட்டு வெளியே விலைக்குப் போகும்போது அவற்றுக்கும் முத்திரை வேண்டும். அதனால்தான் இங்கே விற்பனையான பல த்ரீ நாட் த்ரீயின் குழலில், ராணுவ அம்புக்குறிக்குப் பக்கத்தில், .303 என்ற விட்டமும், 2.222 அங்குலம் என்ற தோட்டாக் கூட்டின் நீளமும், சதுர அங்குலத்துக்கு 18½ டன் என்ற அழுத்தமும் குட்டி எழுத்தில் அடித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், சாதாரண வாசகனுக்கு எழுதிய சாசனம் மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: முத்திரை அடித்த நாளின் நிலையைத்தான் அது சொல்லும். அதற்குப் பிறகு போல்ட்டை மாற்றியிருந்தால், தோட்டா உட்காரும் சேம்பரை அராவியிருந்தால், குழல் வீங்கியிருந்தால் அந்த முத்திரை செத்த முத்திரை.

பழைய டயரில் துப்பாக்கியைக் கட்டி, தூரத்தில் நின்று கயிறு இழுத்துப் பார்த்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். முகத்தைத் தள்ளிவைப்பது நல்ல புத்தி. அதை நான் குறை சொல்லமாட்டேன். சுடுதளத்தில், பொறுப்பு அதிகாரியின் அனுமதியோடு செய்தால் சரி. ஆனால் அளவுக்கட்டைக்கு அது மாற்றாகாது. ஒரு குண்டு தாங்கியது என்றால் ஒரு குண்டு தாங்கியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் இதை நன்றாகக் காட்டிக்கொடுத்தது. வரிசை எண் 8,00,000க்குக் கீழே உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை ரைபிள்களில் சில, பலமுறை ஒழுங்காகச் சுட்டபிறகு, ஒருநாள் கண்ணாடிபோல் நொறுங்கின. விசாரித்துப் பார்த்தால் குற்றம் உலைக்களத்தில் இருந்தது. எஃகு சரியாகக் காய்ந்துவிட்டதா என்பதைக் கொல்லர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். கை தேர்ந்த கிழவர்கள்தான். ஆனால் மேகமூட்டமான நாளில் செக்கச்செவேல் என்று தெரியும் இரும்பு, வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் மங்கலாகத் தெரியும். இன்னும் காயவேண்டும் என்று உள்ளே விடுவார்கள். ஃபாரன்ஹீட்டில் 300 டிகிரி வரை வித்தியாசம் வந்திருக்கிறது. எஃகு வெந்து கெட்டது. வெப்பமானி பொருத்திய பிறகுதான் அது நின்றது. அனுபவசாலியின் கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று நான் வேலைபார்த்த இடங்களில் இளைஞர்களிடம் சொல்லும்போதெல்லாம் முதியவர்கள் முறைப்பார்கள். இந்தக் கதையைச் சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

தோட்டாவுக்கு வருவோம். துப்பாக்கி பழையதாக இருக்கலாம். தோட்டா பழையதாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. போர்க்காலத் தோட்டாவைப் பிரித்தால் உள்ளே கார்டைட் சேமியா கட்டுமாதிரி நீள நீளமாக நிற்கும். பார்க்க அழகு. வைத்திருந்த விதம் தெரியாத அந்தத் தோட்டாவை முதல் சுடுதலுக்குப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. எரியாமல் மக்கர் பண்ணலாம், தாமதித்து எரியலாம். அதன் அடியில் உள்ள தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்தபின் மிஞ்சுவது ஒருவகை உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய் சுட்டுமுடித்ததும் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றினான். பிறகு துடைத்து எண்ணெய் போட்டான். இன்றைக்கு நம்பகமான தொழிற்சாலைகளின் புதுத் தோட்டாக்கள் கிடைக்கின்றன. அவற்றையே வாங்குங்கள். நண்பர் வீட்டில் மருந்து அளந்து அடைத்த தோட்டாவைப் பாசத்துக்காகக்கூட வாங்காதீர்கள்.

தோட்டாவும் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று உரியவையா என்பதை எழுத்தில் பார்க்கவேண்டும். இஷாப்பூரிலேயே 1960களில் இதே உருவத்தில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென்று 2ஏ1 என்ற ரைபிளைச் செய்தார்கள். பெட்டிபோல் சதுரமான மேகசினைப் பார்த்தால் அடையாளம் தெரியும், பார்க்காதவனுக்குத் தெரியாது. இந்த அக்கறை ராணுவத்துக்கும் தெரிந்ததுதான். 1914இல் பிரான்சுக்குப் போன இந்தியப் படையினர் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும் கையிலிருந்த ரைபிள்களைக் கொடுத்துவிட்டு, மார்க் 7 என்ற புதிய தோட்டாவுக்கு ஏற்ற ரைபிள்களை வாங்கிக்கொண்ட பிறகே போர்முனைக்குப் போனார்கள். போர்முனையில் ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது. அப்போதும் அதற்கு நேரம் ஒதுக்கினார்கள்.

இப்போது சுடுதளம். விம்பிள்டனைச் சுற்றி ஊர் வளர வளர, குண்டுகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே இடம் போதாமல் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் 1890இல் சர்ரேயில் உள்ள பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. வாட்டர்லூவில் ரயில் ஏறி புரூக்வுட்டில் இறங்கினால் பக்கம். செஞ்சுரி என்ற தளத்தில் 600 கஜம் வரை, ஸ்டிக்கிள்டவுனில் 1200 கஜம் வரை சுடலாம். செங்கொடி ஏறியிருக்கும். பொறுப்பு அதிகாரி சொல்லாமல் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஆனால் ஆபத்தைக் கண்டவர் யாராக இருந்தாலும், முதல்நாள் வந்தவராக இருந்தாலும், "ஸ்டாப்" என்று கத்தலாம், கத்தவேண்டும். சபை நாகரிகம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கும் நம் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் தளத்தில் கால் வைக்கவே கூடாது. இந்த ரைபிளின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். போன செவி திரும்பி வராது. கிடங்கில் பூசிய கிரீஸை சேம்பரிலிருந்து சுத்தமாக எடுத்துவிடவேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. சுடும் கணத்தில் பித்தளைக் கூடு உப்பி, சேம்பர் சுவரை இறுகப் பற்றும். பின்னோக்கிய உந்துதலில் ஒரு பங்கை அந்தப் பிடி வாங்கிக்கொள்ளும். எண்ணெயோ மழைத்தண்ணீரோ இருந்தால் பிடி வழுக்கும், மொத்தப் பாரமும் போல்ட்டின்மேல் விழும். லீ என்ஃபீல்டின் பூட்டு, போல்ட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்த உடம்புக்கு ஈரத் தோட்டா ஆகாது. இங்கிலாந்து மழையில் தோட்டாவுக்கு ஒரு துண்டாவது போர்த்திவையுங்கள்.

மேகசினில் பத்துத் தோட்டா போட இடம் இருந்தாலும் முதலில் ஒன்றே ஒன்று போடுங்கள். படுத்து, மணல்மூட்டையில் தாங்கி, அடிக்கட்டையைத் தோள்குழியில் அழுத்தமாக வையுங்கள். தளர்வாக வைத்தால் பித்தளைத் தகடு வந்து இடிக்கும். விசையை இழுத்ததும் மூன்றில் ஒன்று நடக்கும். பெரும்பாலும் நடப்பது ஒழுங்கான வெடி. அப்போது அடுத்த தோட்டாவுக்கு அவசரப்படாமல் காலிக் கூட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் வெளுப்பாக ஒரு கோடு ஓடினால், பித்தளை இழுபட்டிருக்கிறது, அறுந்துபோகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அன்றைய சுடுதல் முடிந்தது. இரண்டாவது, வெறும் "டிக்" சத்தம். குழலை இலக்கிலிருந்து அசைக்காமல் அப்படியே பிடியுங்கள், அரை நிமிடமாவது. மருந்து உள்ளே தயங்கிக்கொண்டிருக்கலாம். அதிகாரியைக் கூப்பிடுங்கள். மூன்றாவதுதான் பொல்லாதது: "புஸ்" என்று ஒரு சோனிச் சத்தம். குண்டு குழலின் பாதிவழியில் சிக்கி நிற்கலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டவர்தான் நான் சொன்ன கரிய வளையத்தை உண்டாக்கியவர். அவர் அதிர்ஷ்டசாலி, வளையத்தோடு போயிற்று.

கனடாக்காரர்களின் ராஸ் ரைபிளையும் ஒரு வரி சொல்லவேண்டும். அதன் மார்க் 3 போல்ட்டைக் கழற்றித் துடைத்துத் தப்பாக மாட்டினாலும் உள்ளே போகும், மூடும், சுடவும் செய்யும், பூட்டு மட்டும் விழாது. போல்ட் முகத்துக்கு வரும். ஆகவே நான் லீ என்ஃபீல்டுக்குச் சொன்னதை எடுத்துக்கொண்டுபோய் வேறு துப்பாக்கிக்குப் பொருத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த ரைபிளை வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். வழக்கொழிந்த தோட்டாவுக்கான சில பழம் ரைபிள்களை அலங்காரப் பொருளாகச் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். சுட நினைத்த மறுகணமே அந்த விலக்கு போய்விடும். உள்துறை அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் சேர்ந்தால் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருக்கவேண்டும். ஒரே ஒருமுறை சுட்டுப்பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தச் சங்கங்கள் நடத்தும் விருந்தினர் நாள் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் உத்தமமான வழி. சோதித்த ரைபிள், பக்கத்திலேயே தெரிந்த ஆள், ஒன்றுக்கும் நீங்கள் சொந்தக்காரராக இருக்கவேண்டியதில்லை. இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட விட்டம், அதனால்தான் அங்கே .315 என்ற வேட்டை ரைபிளை அரசே செய்து விற்றது. ஊருக்குப் போகும்போது தாத்தாவின் ரைபிளைத் தேடிப் பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம்.

முடிக்குமுன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மவர்கள் இந்த ஊரில் பழைய வீடுகளை வாங்குகிறோம், பரணை இடித்து அறை கட்டுகிறோம். போரிலிருந்து யாரோ கொண்டுவந்து போர்வையில் சுற்றிவைத்த ரைபிள் அங்கே கிடைப்பது நடக்காத காரியம் அல்ல. கிடைத்தால் போல்ட்டை இழுத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள், காரில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அறையைப் பூட்டிவிட்டு, காவல்துறைக்குப் போன் செய்யுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். அவசரமில்லாத அழைப்புக்கான எண் 101.